எனாமல் கம்பியின் பதம்

திருவண்ணாமலையைச் சூழ்ந்த கிராமங்களில் நெல்லும் நிலக்கடலையும் கிணற்று நீரை நம்பி விளைவதால், கரையில் ஓடும் பம்புசெட் மோட்டாரின் காயில் கோடையில் கருகிப்போனால், விவசாயி அதைக் கழற்றிக்கொண்டு நகரத்துக் காயில் கட்டும் கடைக்கு ஓட வேண்டியதாகிறது. மின்னழுத்தக் குறைவின்மீது பழி சுமத்துவது நியாயமே. ஆயினும் காயிலில் சுற்றிய எனாமல் கம்பியின் மேற்பூச்சு சூளையில் பதமாக வெந்ததா என்பதும் விசாரிக்கத்தக்க விஷயம்.

வெறும் தாமிரமாகத் தோன்றும் அக்கம்பி, பிசினும் கரைப்பானும் கலந்த வார்னிஷில் தோய்ந்து, மிகுதி வழிக்கப்பட்டு, சுமார் 400 முதல் 500 டிகிரி வரை உஷ்ணமுள்ள சூளையைக் கடந்து, மறுபடியும் மறுபடியும் தோய்ந்து வெந்து வருகிறது. இத்தனைக்கும் பிறகு, 1 மில்லிமீட்டர் கம்பியின்மேல் படியும் காப்பின் கனம் மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று, நான்கு பங்கே. சூளையில் முதலில் கரைப்பான் ஆவியாகிறது. பின்னர் பிசினின் மூலக்கூறுகள் வலைபோல் பிணைகின்றன. கம்பி வேகமாக ஓடினால் கரைப்பான் தங்கிப் பூச்சு இளகியிருக்கும். மெதுவாக ஓடினால் அது மிகையாக வெந்து, வளைக்கும்போது வெடிக்கும்.

இந்த வேறுபாட்டைக் கண் நிச்சயமாக அறியாது, பரீட்சைகளே அறியும். 60 டிகிரி கரைப்பானில் அரை மணி ஊறவைத்துப் பென்சிலால் கீறுவது குறைவேக்காட்டைக் காட்டும். சட்டென இழுத்து அறுப்பதும், தண்டில் சுற்றிச் சூடேற்றுவதும் பூச்சின் நெகிழ்ச்சியைச் சோதிக்கும். யாவற்றினும் நுட்பமானது 'டான் டெல்டா' பரீட்சை. உஷ்ணத்தைப் படிப்படியாக உயர்த்தி, காப்பில் வீணாகும் மின்சக்தியை அளந்தால், ஒரு கட்டத்தில் அது செங்குத்தாக ஏறத் தொடங்கும். அவ்வுஷ்ணம் அந்த வார்னிஷுக்கு உரிய அளவினும் தாழ்ந்திருந்தால் பூச்சு வேகவில்லை என்றும், மிக உயர்ந்திருந்தால் அதிகம் வெந்தது என்றும் கொள்ளலாம்.

தொழிற்சாலையோடு இக்காரியம் முடிவதில்லை. காயில் கட்டியபின் ஊற்றும் வார்னிஷும் நன்கு உலர வேண்டும். உலர்த்தும்போது, காப்புத்தடையை அளக்கும் மெகர் கருவியில் காணும் அளவு முதலில் இறங்கி, ஈரமும் கரைப்பானும் நீங்க நீங்க ஏறி, இறுதியில் நிலைத்து நிற்கும். அதுவே வேலை முடிந்ததற்கு அத்தாட்சி. ஆகவே பயிர் வாடுகிறதே என்ற அவசரத்திலும், ஐ.எஸ். 13730 தரக் கம்பியா என்று கேளுங்கள். மெகர் நிலைக்கும்வரை கடைக்காரருக்கு அவகாசம் கொடுங்கள்.