கையெழுத்தில் பிறந்த குடும்பப் பெயர்

பிரெஞ்சு இந்தியாவில் கொம்யூன் எனப்படும் பத்து உள்ளாட்சிப் பகுதிகளை உருவாக்கும் ஆணை 1880 மார்ச் 12 அன்று பிறப்பிக்கப்பட்டது. புதுச்சேரிப் பகுதிக்கு அதில் நான்கு கிடைத்தன: புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர். மறு ஆண்டு, 1881 செப்டம்பர் 21 அன்று இன்னோர் ஆணை வந்தது. அதுவரை இந்த ஊர்களில் இல்லாத ஒன்றை அது சில வீடுகளுக்குள் கொண்டுவந்தது. அதுதான் குடும்பப் பெயர்.

திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் இந்தியர்கள் தங்கள் சாதி, சமய வழக்கப்படியே நடந்துகொள்ளலாம் என்பது 1819 முதல் இங்கே இருந்த ஏற்பாடு. விரும்புகிறவர்கள் அதைத் துறந்துவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தின்கீழ் வரலாம் என்றது 1881 ஆணை. துறந்தவர்கள் 'ரெனோன்சான்' எனப்பட்டார்கள். துறந்தவர் தமக்கும் தம் வழித்தோன்றல்களுக்கும் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து பதிவேட்டில் எழுதித் தர வேண்டும். எழுதிக் கொடுத்த பிறகு அதைத் திரும்பப் பெற வழியில்லை. ஐரோப்பியர்போல் காலணியும் காலுறையும் அணிந்து நீதிமன்றம் வந்ததற்காக 1873இல் அபராதம் விதிக்கப்பட்டு, பாரிஸ் உச்ச நீதிமன்றம்வரை போய் வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை இந்த இயக்கத்தின் முன்னோடி. அவர் எடுத்துக்கொண்ட பெயர் லாபோர்த்.

ஐரோப்பியக் குடும்பப் பெயர்களின் தோற்றம் பெரும்பாலும் இடைக்காலத்து இருட்டில் மறைந்து கிடக்கிறது. இங்கேயோ ஒரு பெயர் எந்த நாளில், எந்த அலுவலர்முன், யார் வாயால் பிறந்தது என்பதற்குக் காகிதமே சாட்சி. குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு இது பெரும் வரம். ஆனால் அந்த நாளுக்கு முன்னால் போக அந்தப் பெயர் உதவாது. ஒரே புனிதரின் பெயரைத் தொடர்பே இல்லாத இரண்டு வீடுகள் சூட்டிக்கொண்டிருக்கலாம். அண்ணன் துறந்து தம்பி துறக்காமல் இருந்தால், ஒரே வயிற்றில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பெயரளவில் அந்நியர்கள். ஆகவே இந்த மண்ணில் குடும்பப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு வம்சத்தைத் தேட முடியாது. ஊரையும் உறவையும் பிடித்துக்கொண்டுதான் தேட வேண்டும்.

துறக்காத பெரும்பான்மையினருக்குத் தந்தை பெயரின் முதலெழுத்துதான் அடையாளம். தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கமும் சேர்ந்துகொள்ள, 'கண்ணன் மகன் வேலு', 'வேலு மகன் கண்ணன்' என்று பெயர்கள் மாறி மாறி வரும். ஆண்டைக் கவனிக்காவிட்டால் தாத்தாவும் பேரனும் ஒருவராகிவிடுவார்கள். பழைய ஆவணங்களில் பெயருக்குப் பின்னால் நிற்கும் பிள்ளை, முதலியார், ரெட்டியார், கவுண்டர் எல்லாம் சாதிப் பட்டங்கள். அவை வம்சத்தைக் காட்டுவதில்லை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்ன பிறகு, தந்தைக்கு இருந்த பட்டம் மகனுக்கு இல்லாமல் போவதும் உண்டு.

கல்வெட்டுக் காலத்திலும் ஊரும் தந்தை பெயரும் பட்டமுமே ஒருவரைச் சுட்டின. நொபோரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுய் மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் தொகுத்து 1978இல் வெளியிட்ட பெயரடைவு இதை விரிவாகக் காட்டுகிறது. ஊர்ப்பெயரோடு 'உடையான்' என்று சேர்த்து எழுதினால் அவர் நிலமுடையவர் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். புதுச்சேரிக் கல்வெட்டுகளைத் திரட்டியவரே ஊரைப் பெயரில் சுமந்த பாகூர் குப்புசாமிதான். அவர் திரட்டியவை 2006இல் நூலாக வந்தன.

குடும்பப் பெயரை அறிவியல் கருவியாக்கியவர்களுள் முன்னோடி, சார்லஸ் டார்வினின் மகன் ஜார்ஜ் டார்வின். கணவனும் மனைவியும் திருமணத்துக்கு முன்பே ஒரே குடும்பப் பெயர் கொண்டிருந்த இணைகளை எண்ணி, இங்கிலாந்தில் நெருங்கிய உறவுக்குள் எவ்வளவு திருமணம் நடக்கிறது என்று 1875இல் அவர் மதிப்பிட்டார். 1965இல் குரோவும் மாங்கேயும் இதைக் கணித முறையாகவே வளர்த்தார்கள். நம் ஊரில் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் பங்காளிகள்; அங்கே பெண் எடுக்க முடியாது. மாமன் மகளையோ அத்தை மகளையோ கட்டலாம். அந்த இருவருக்கும் குடும்பப் பெயர் வேறு. ஊரெங்கும் சொந்தத்துக்குள்ளேயே மணம் முடித்திருந்தாலும் டார்வினின் கணக்கு சுழியம்தான் காட்டும். கருவியைக் கையில் எடுக்கும் முன் அந்த மண்ணின் உறவுமுறையைப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அடுத்த சிக்கல் எழுத்துக்கூட்டல். 'ராமசாமி'யை எழுத ஆங்கிலத்தில் ஒரு 'எஸ்' போதும். பிரெஞ்சில் இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவே ஒற்றை 'எஸ்' வந்தால் 'இஸட்' ஒலியாகிவிடும் என்பதால் இரண்டு போடுவார்கள். சண்முகம் ஆங்கிலத்தில் 'எஸ்'ஸில் தொடங்குவார், பிரெஞ்சில் 'சி'யில். ஒலியால் ஒத்த பெயர்களை ஒன்றுசேர்க்க ராபர்ட் ரஸ்ஸல் 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற 'சவுண்டெக்ஸ்' முறையை வைத்துத் தேடினாலும் இருவரும் சேர மாட்டார்கள். முதலெழுத்தை மாற்றாமல் வைத்துக்கொள்வது அந்த முறையின் விதி. எனவே கணினியில் தேடுகிறவர் பெயரை முதலில் தமிழில் எழுதிக்கொண்டு, அதைப் பிரெஞ்சுக்காரர் எப்படி எழுதியிருப்பார், ஆங்கிலேயர் எப்படி எழுதியிருப்பார் என்று தனித்தனியே தேட வேண்டும்.

கடல் கடந்தவர்களுக்கும் இதே கதைதான். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறி ரீயூனியன், குவாதலூப் தீவுகளுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்களின் தனிப்பெயர்கள் அங்கே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர்களாக உறைந்தன. குவாதலூப்பில் இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்காக 1904 முதல் 1923 வரை போராடிய ஆன்ரி சிதம்பரத்தின் குடும்பப் பெயரிலும் தமிழ்தான் நிற்கிறது.

எங்கே தொடங்குவது? கொம்யூன் அலுவலகத்துப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளில். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்டவர்கள் பிரான்ஸில் நாந்த் நகரத்துப் பதிவகத்தை நாடலாம். 1676 தொடங்கிய புதுச்சேரியின் பழைய பதிவேடுகளை எக்ஸ்-ஆன்-புரொவான்ஸ் ஆவணக்காப்பகம் இணையத்திலேயே வைத்திருக்கிறது. பிறகு நிலப் பத்திரங்கள். பாகம் பிரித்த நிலத்தின் நான்கெல்லையில் வரும் பெயர்கள் பல நேரம் பங்காளிகளுடையவை. அதன்பின் குலதெய்வக் கோயில். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலித்த பழைய நோட்டு எந்தெந்த வீடு ஒரே வழி என்று சொல்லிவிடும். குடும்பப் பெயர் செய்ய வேண்டிய வேலையை இந்த ஊர்களில் குலதெய்வம் செய்துகொண்டிருக்கிறது.

தாய்வழியை விட்டுவிடக் கூடாது. முதலெழுத்தும் சரி, குடும்பப் பெயரும் சரி, ஆண்வழியை மட்டுமே சொல்கின்றன. பிரெஞ்சுப் பதிவேடு இதில் பெரிய உதவி செய்கிறது: பெண் மணமான பின்னும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதப்படுகிறார், திருமணப் பதிவில் இருவருடைய பெற்றோரும் இடம்பெறுகிறார்கள். அந்த ஒரு தாளிலிருந்து நான்கு பேரை மேலே தேடிப் போகலாம். பதிவேடு மறுநகல் எடுக்கும்வரை காத்திருக்கும். பாட்டியின் நினைவு காத்திருக்காது. அவருடைய பிறந்த ஊர், அவர் தாயின் பிறந்த ஊர், அவர்கள் கும்பிட்ட தெய்வம் ஆகிய மூன்றையும் இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள்.