டீசல் எஞ்சினைக் கையால் சுழற்றி வால்வு இடைவெளி அமைத்தல்

நிமிடத்திற்கு 650 சுற்று என்ற நிதான வேகத்தில் ஓடும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் இந்தியக் கிராமங்களுக்கு நெடுநாள் பழக்கமானது. இங்கிலாந்தில் டர்ஸ்லி என்னும் ஊரிலிருந்த லிஸ்டர் கம்பெனி 1930ஆம் ஆண்டை ஒட்டி வெளியிட்ட அமைப்பைத் தழுவி, சௌராஷ்டிரப் பகுதியிலுள்ள ராஜ்கோட் நகரத்துப் பட்டறைகள் இத்தகைய எஞ்சின்களைப் பல்லாண்டுகளாக உற்பத்தி செய்து வந்துள்ளன. மின்சாரம் எட்டிய இடங்களில் மின்மோட்டார்கள் பெரும்பாலும் இவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆயினும் கிணற்றங்கரையிலும் மாவு ஆலையிலும் பழைய எஞ்சின்களை இன்றும் காணலாம். அவற்றைப் பேணும் வேலைகளுள் மிக எளியதுபோல் தோன்றி, எளிதில் தவறிவிடுவது வால்வு இடைவெளியைச் சரிசெய்தலாகும். எஞ்சினைச் சுழற்றி எந்த நிலையில் நிறுத்துவது என்பதிலேயே பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

காற்றை உள்ளே விடும் வால்வும், எரிந்த புகையை வெளியே விடும் வால்வும் கேம் எனப்படும் புடைப்புள்ள உறுப்பினால் இயங்குகின்றன. கேமின் புடைப்பு டாப்பெட்டையும், டாப்பெட் நீண்ட தள்ளுகோலையும் உயர்த்துகின்றன. தள்ளுகோல் ராக்கரின் ஒரு முனையைத் தூக்கியதும் அதன் மறுமுனை வால்வின் தண்டை அழுத்தித் திறக்கிறது. புடைப்பு கடந்தவுடன் சுருள்வில் வால்வை மூடிவிடுகிறது. மேற்சொன்ன வேகத்தில் ஒவ்வொரு வால்வும் நிமிடத்திற்கு 325 முறை திறந்து மூடும். எட்டு மணி நேரம் நீர் இறைத்தால் 1,56,000 முறை.

வால்வு மூடியிருக்கும்போது ராக்கரின் முனைக்கும் தண்டின் நுனிக்கும் இடையே மெல்லிய இடைவெளி இருத்தல் வேண்டும். இதன் காரணம் உஷ்ணத்தால் உலோகம் நீள்வதே. 15 சென்டிமீட்டர் நீளமுள்ள சாதாரண எஃகுத் தண்டு சராசரியாக 200 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 0.36 மில்லிமீட்டர் நீளும். அதைச் சூழ்ந்துள்ள சிலிண்டர் தலை தண்ணீரால் குளிர்விக்கப்படுவதால் அந்த அளவுக்கு நீள்வதில்லை. இடைவெளி போதாவிடில், எஞ்சின் சூடேறியபின் ராக்கர் வால்வை முழுவதும் மூடவிடாமல் தாங்கிப் பிடித்துக்கொள்ளும்.

வெளியேற்று வால்வு தன் உஷ்ணத்தின் பெரும்பகுதியை, தான் அமரும் இருக்கையின் வழியாகவே சிலிண்டர் தலைக்குக் கொடுக்கிறது. இருக்கையில் சரியாக அமராத வால்வுக்கு அந்த வழி அடைபடுகிறது. போதாக்குறைக்கு, எரியும் வாயு மயிரிழைச் சந்தின் வழியே பீறிட்டு அதன் விளிம்பை அரித்துவிடுகிறது. இடைவெளி அதிகமானாலோ எஞ்சின் 'டக் டக்' என்று ஒலிக்கும். வால்வு தாமதமாகத் திறந்து விரைவில் மூடும். ராக்கர் முனை அடிபட்டுத் தேயும். இவ்விரண்டில் சத்தம் கேட்கும் குறையே சிறியது. சத்தம் எழாத எஞ்சினே நல்ல எஞ்சின் என்று கருதி, ஒலி அடங்கும்வரை திருகை இறுக்கிவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. வால்வு கருகி, பயிருக்குத் தண்ணீர் மிகவும் தேவைப்படும் நாளில் எஞ்சின் நின்றுபோவதற்கு இப்பழக்கமே காரணமாகிறது.

இனி, அளக்கும் நிலையைக் காண்போம். நான்கு வீச்சு எஞ்சினில் உறிஞ்சல், அமுக்கல், எரிதல், வெளியேற்றல் ஆகிய நான்கும் முடிவதற்குக் கிராங்கு இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். ஆகவே பிஸ்டன் உச்சிக்கு இரண்டு முறை வருகிறது. அமுக்கலின் முடிவில் வரும் உச்சியில் இரு வால்வுகளும் நன்கு மூடியிருக்கும். வெளியேற்றலின் முடிவில் வரும் உச்சியிலோ ஒரு வால்வு மூடிக்கொண்டும் மற்றது திறக்கத் தொடங்கியும் இருக்கும். பிளைவீல் எனப்படும் பாரச் சக்கரத்தில் பொறித்துள்ள உச்சிக் குறி இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டாது. குறியை மட்டும் நம்பி அளப்பவருக்குப் பாதி வேளைகளில் தவறான உச்சியே வாய்க்கும்.

எஞ்சினைச் சுழற்றுமுன் எரிபொருள் வருவதைத் தடுத்து, எரிபொருள் பம்பை நிறுத்த நிலையில் வைத்தல் வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் மின்பொறியைத் துண்டித்தாற்போல் டீசல் எஞ்சினில் துண்டிப்பதற்கு எதுவும் இல்லை. அமுக்கப்பட்ட காற்றின் உஷ்ணமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. சூடு ஆறாத எஞ்சின், கையால் சுழற்றும்போதும் ஒருமுறை வெடித்து உதைக்கக்கூடும். சுழற்றுகையில் இஞ்செக்டரிலிருந்து 'கிரீச்' என்ற ஒலி கேட்டால் எரிபொருள் உள்ளே போகிறது என்று பொருள்; உடனே நிறுத்துக. பம்புக்குச் செல்லும் பெல்ட்டைக் கழற்றிவிடுதல் நலம். கிளப்பும் கைப்பிடியை இவ்வேலைக்குப் பயன்படுத்தலாகாது. சக்கரத்தின் வெளிவிளிம்பைப் பிடித்து, ஓடும் திசையிலேயே மெல்லத் திருப்ப வேண்டும். ஆரங்களுக்கிடையே ஒருபோதும் கையை நுழைக்கக் கூடாது. சக்கரத்தை அச்சில் இறுக்கும் ஆப்பு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், வேட்டி முனையும் சேலைத் தலைப்பும் அதில் மாட்டாதபடி செருகிக்கொள்வது அவசியம்.

சுழற்றுவதை எளிதாக்க டிகம்ப்ரஷன் லீவர் உள்ளது. அதைத் தூக்கினால் பெரும்பாலான எஞ்சின்களில் வெளியேற்று வால்வு சற்றே திறந்தபடி நிற்கும், காற்று அமுங்காது, சக்கரம் இலேசாகச் சுழலும். லீவரைத் தூக்கி வைத்துக்கொண்டு, காற்று வடிகட்டியின் பக்கமுள்ள ராக்கரைக் கவனித்தல் வேண்டும். அது அழுந்தி வால்வைத் திறந்து, பின் எழுந்து மூடும். மூடியபின் அரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகத் திருப்பினால் உச்சிக் குறி வந்து நிற்கும். அதுவே அமுக்கல் உச்சி. குறி தேய்ந்து மறைந்திருந்தாலும் கவலையில்லை. இந்நிலைக்கு இருபுறமும் கேமின் வட்டமான பகுதியே டாப்பெட்டின் கீழ் இருப்பதால், சில டிகிரி முன்பின்னாக நிற்பது அளவைக் கெடுக்காது. எரிபொருள் பீறிடும் வேளையைக் கணிப்பதற்குத்தான் அத்துணை நுட்பம் வேண்டும்.

இங்கே மறந்துவிடக்கூடிய ஒன்று உண்டு. சுழற்றி முடித்ததும் லீவரை இறக்கிவிட வேண்டும். இறக்காமல் அளந்தால் வெளியேற்று வால்வு திறந்தே இருக்கும். கிடைக்கும் அளவு பொய்யாகும். இறக்கியபின் இரு தள்ளுகோல்களையும் விரல்களால் உருட்டிப் பார்ப்பது நல்ல சோதனை. இரண்டும் தடையின்றி உருண்டால் வால்வுகள் மூடியுள்ளன எனக் கொள்ளலாம். ஒன்று இறுகியிருந்தால், நிலை தவறு அல்லது அந்த வால்வுக்கு இடைவெளியே இல்லை.

இடைவெளியின் அளவையும், அதை எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்ப்பதா, சூடாக இருக்கும்போதா என்பதையும் தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் காண்க. பூட்டு நட்டைத் தளர்த்தி, பீலர் கேஜின் உரிய தகட்டைச் செருகி, அது சிறிது பிடிப்புடன் நகரும்வரை திருப்புளியால் திருகை அமைக்க வேண்டும். நட்டை இறுக்கும்போது திருகும் உடன் திரும்பிவிடுவது உண்டாகையால், இறுக்கியபின் மறுபடி அளப்பது கட்டாயம். ராக்கர் முனை குழிந்திருந்தால் தட்டையான தகடு குழியின்மேல் பாலம்போல் கிடக்கும். உண்மை இடைவெளி தகடு காட்டுவதைவிட அதிகமாகவே இருக்கும். அத்தகைய ராக்கரைச் செப்பனிடாமல் திருகைத் திருப்பிப் பயனில்லை.

கையால் சுழற்றுவதில் வேறொரு நன்மையும் உண்டு. எரிபொருளை அடைத்தபடியே, லீவரை இறக்கி, சக்கரத்தை அமுக்கல் வீச்சுக்குள் மெல்லத் தள்ளினால் சுருள்வில்லை அழுத்துவது போன்ற எதிர்ப்புக் கைக்குத் தெரியும். நல்ல எஞ்சின் சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளும். எதிர்ப்பு விரைவில் தளர்ந்தால் காற்று எங்கோ கசிகிறது. சீறல் ஒலி புகைக்குழாயில் கேட்டால் வெளியேற்று வால்வும், காற்று வடிகட்டியில் கேட்டால் உள்ளிழு வால்வும், கிராங்கு அறையின் மூச்சுத் துளையில் கேட்டால் பிஸ்டன் வளையங்களும் குறையுடையவை. பள்ளி மாணவர்க்கும் இது ஏற்ற சோதனை. சக்கர விளிம்பில் சாக்குக்கட்டியால் கோடிட்டு, லீவரைத் தூக்கி ஆசிரியர் மெல்லச் சுழற்ற, மாணவர்கள் சற்று விலகி நின்று உள்ளிழு ராக்கரை எண்ணினால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே அது அழுந்துவதைத் தாமே கண்டறிவர்.

நான்கு சிலிண்டர் டிராக்டர் எஞ்சின்களில் வழி சிறிது மாறும். எரியும் வரிசை 1-3-4-2 என்றிருப்பின், முதலாவது பிஸ்டனும் நான்காவது பிஸ்டனும் ஒன்றாகவே உச்சிக்கு வருகின்றன. நான்காவதன் ஒரு வால்வு மூடிக்கொண்டும் மற்றது திறக்கத் தொடங்கியும் நிற்கும் வேளையில் முதலாவதன் வால்வுகளை அளக்கலாம். அவ்வாறே முதலாவதைப் பார்த்து நான்காவதையும், இரண்டாவதைப் பார்த்து மூன்றாவதையும், மூன்றாவதைப் பார்த்து இரண்டாவதையும் அளக்கலாம். இரு எண்களையும் கூட்டினால் ஐந்து வரும் என்று நினைவிற்கொள்வது எளிது. இவற்றில் பாரச் சக்கரம் கைக்கு எட்டாதாகையால், கிராங்கு அச்சின் முன்முனை நட்டில் ஸ்பானரை மாட்டித் திருப்புவது வழக்கம். எதிர்த்திசையில் திருப்பினால் அந்த நட்டு தளர்ந்துவிடக்கூடும். நிலை சற்றுத் தாண்டிவிட்டால், பின்னுக்குத் திருப்பாமல் மேலும் இரண்டு சுற்றுச் சுற்றி அதே நிலைக்கு வருவதே முறை.