வினாவும் செப்பும்: இணைய நெறிமுறைகளும் நிரல் நூலகமும்

தமிழிலக்கண மரபில் வினாவும் விடையும் இணைத்தே எண்ணப்படுவன. விடையைச் 'செப்பு' என வழங்கும் தொல்காப்பியர், இவ்விரண்டிலும் வழு நேராமற் காத்தல் வேண்டுமெனக் கிளவியாக்கத்துள் கூறுவார். வினவியவருக்குரிய விடை அவரையே சென்றடைதல் வேண்டும். வினவிய பொருளுக்கே அது விடையாதலும் வேண்டும். மக்கள் உரையாடலுக்குரிய இந்நெறி, கணிப்பொறிகள் தம்முள் உரையாடும் இணையத்திற்கும் எவ்வாறு பொருந்துகின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை நாம் எண்ணிப் பார்க்க நேர்ந்தது ஒரு பிழையால். இப்போது அச்சில் கிடைக்காத பழைய அகராதி ஒன்றின் பக்கப் படங்களை இணையத்திலிருந்து இறக்கித் தொகுப்பதற்கு மாணவர் ஒருவர் நமக்கு நிரல் எழுதித் தந்தார். பல மாதங்கள் ஒழுங்காக இயங்கிய அந்நிரல், புதிய கணிப்பொறிக்கு மாற்றப்பட்டபின் பக்கங்களை முன்பின்னாக அடுக்கிற்று. 'கடல்' இருக்க வேண்டிய பக்கத்தில் 'கண்' நின்றது. படங்களில் பழுதில்லை, அவற்றுக்கு இடப்பட்ட எண்களே மாறியிருந்தன. எழுபதுக்கும் மேற்பட்ட சொற்குறிப்புகளுக்குத் தவறான பக்க எண் கொடுத்துவிட்ட பின்னரே நாம் அதனைக் கண்டோம். நிரலில் ஓரெழுத்தும் மாறவில்லை என்றார் மாணவர். அவர் கூறியது உண்மையே. மாறியது நெறிமுறையின் பதிப்பு.

காத்திருத்தலும் காத்திராமையும்

இணையத்தில் ஒரு பக்கத்தைப் பெறுவதற்கு நம் கணிப்பொறி 'வேண்டுகோள்' ஒன்றை விடுக்கின்றது. சர்வர் எனப்படும் வழங்கி 'மறுமொழி' தருகின்றது. ஒரு மறுமொழி வந்து சேர்ந்த பின்னரே அடுத்ததைக் கேட்பது காத்திருக்கும் முறை. இது பிழைக்கு இடந்தராதது; ஆயினும் மெதுவானது. ஒரு வேண்டுகோள் சென்று மீள அரை நொடி ஆகுமாயின், ஆயிரம் பக்கங்களுக்கு ஐந்நூறு நொடிகள் வேண்டும். அந்நேரத்தின் பெரும்பகுதியில் கணிப்பொறி வாளாவிருக்கும்.

ஆதலின், பல வேண்டுகோள்களை ஒருங்கே விடுத்து, எது வந்தாலும் வந்தவுடன் ஏற்றுக்கொள்ளும் காத்திராமுறை தோன்றிற்று. விரைவு கிட்டிற்று. ஆனால், 'வந்த இம்மறுமொழி எந்த வேண்டுகோளுக்குரியது?' என்னும் புதிய வினா உடன் எழுந்தது. நெறிமுறையின் ஒவ்வொரு பதிப்பும் இவ்வினாவுக்கு வெவ்வேறு விடை தருகின்றது.

மூன்று பதிப்புகள்

வலைக்குரிய எச்.டி.டி.பி. நெறிமுறையின் 1.1ஆம் பதிப்பு 1997 சனவரியில் வெளியிடப்பட்டது. ஒரே இணைப்பைப் பல வேண்டுகோள்களுக்குத் தொடர்ந்து பயன்படுத்துவதை அது இயல்பாக்கிற்று. முதல் மறுமொழி வருமுன்பே அடுத்த வேண்டுகோளை அனுப்பவும் இடந்தந்தது. ஆனால், கேட்ட வரிசையிலேயே மறுமொழிகள் வருதல் வேண்டும் என்பது விதி. இங்கு மறுமொழிக்கு அடையாளம் அதன் இடமே. நியாயவிலைக் கடை வரிசையில் முன்னிற்பவருக்குப் பொருள் எடுத்துவரக் காலந்தாழ்ந்தால், பின்னிற்போர் அனைவரும் நிற்க வேண்டியதுதான். அதுபோன்றே முதல் மறுமொழி தாமதித்தால் மற்றவையும் தடைப்பட்டன. இக்குறையால் அவ்வசதி பெரிதும் பயன்படாமற் போயிற்று. உலாவிகள் ஒரே வழங்கிக்கு ஆறு இணைப்புகள் வரை திறந்து நிலைமையைச் சமாளித்தன.

2015 மே மாதத்தில் வெளிவந்த இரண்டாம் பதிப்பு வரிசையை விடுத்து எண்ணைப் பற்றிக்கொண்டது. ஒரே இணைப்பினுள் ஒவ்வொரு வேண்டுகோளும் தனி 'ஓடை'யாகின்றது. வேண்டுகோள் விடுப்பவர் திறக்கும் ஓடைகள் 1, 3, 5 என ஒற்றைப்படை எண் பெறுகின்றன. செய்தி சிறு சிறு துண்டுகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் தன் ஓடையின் எண்ணைத் தாங்கி வருகின்றது. வரிசையில் நிற்போருக்கு எண்ணிட்ட வில்லைகள் தந்தாற்போல, யாருடைய பொருள் முதலில் ஆயத்தமாகின்றதோ அவர் முதலில் பெற்றுச் செல்லலாம். நம் அகராதிப் பக்கங்கள் இடம் மாறியது இதனாலேயே. மாணவரின் நிரல் ஒரே இணைப்பில் பக்கங்களைக் கேட்டு, வந்த வரிசைப்படியே எண்ணிட்டது. பழைய பதிப்பில் வந்த வரிசையும் கேட்ட வரிசையும் ஒன்றாயிருந்தன. புதிய பதிப்பில் சிறிய படங்கள் பெரியவற்றை முந்திக்கொண்டன.

இரண்டாம் பதிப்பிலும் ஒரு குறை எஞ்சியது. அடியில் இயங்கும் டி.சி.பி. நெறிமுறை ஓடைகளை அறியாது. வழியில் ஒரு பொட்டலம் தொலைந்தால், அது மீண்டும் வந்துசேரும்வரை எல்லா ஓடைகளும் நிற்கும். இதனைக் களைய, டி.சி.பி.க்கு மாற்றாக யூ.டி.பி.யின்மேல் இயங்கும் குவிக் என்னும் நெறிமுறை வகுக்கப்பட்டு 2021 மே மாதத்தில் தரப்படுத்தப்பட்டது. அதன்மேல் அமைந்த எச்.டி.டி.பி. மூன்றாம் பதிப்பு 2022 சூனில் வெளிவந்தது. இதில் ஓர் ஓடையின் இழப்பு அவ்வோடையை மட்டுமே தடுக்கின்றது.

நிரல் நூலகத்தின் பணி

இம்மூன்று பதிப்புகளும் இன்று ஒருங்கே வழக்கில் உள்ளன. நிரல் எழுதுவோர் ஒவ்வொருவரும் இவற்றையெல்லாம் கற்றுத் தாமே கையாளுதல் இயலாது. அச்சுமையை ஏற்பதே நிரல் நூலகம். நூல்கள் அடுக்கிய கூடமன்று இது. பலரும் எடுத்தாள்வதற்கென முன்னரே எழுதிவைத்த நிரல்களின் தொகுதி. சுவீடன் நாட்டு டேனியல் ஸ்டென்பெர்க் 1998இல் 'கர்ல்' என்னும் கருவியை வெளியிட்டார். அதனின்றும் கிளைத்த 'லிப்கர்ல்' இவ்வகை நூலகங்களுள் பெரிதும் வழங்குவதாகும்.

லிப்கர்லில் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஒரு தனிக் கைப்பிடி உண்டு. அக்கைப்பிடிகள் பலவற்றையும் ஒருங்கே இயக்கும் பொதுக் கைப்பிடி ஒன்றும் உண்டு. ஒரு பணி முடிந்தவுடன், எந்தக் கைப்பிடியின் பணி முடிந்தது என்பதை நூலகம் அறிவிக்கின்றது. நிரலர் தமக்குரிய அடையாளம் ஒன்றை ஒவ்வொரு கைப்பிடியிலும் முன்கூட்டியே கட்டிவைத்துப் பின்னர் திரும்பப் பெறலாம். கீழே இயங்குவது வரிசையாயினும் ஓடை எண்ணாயினும் இவ்வேற்பாடு மாறுவதில்லை. நம் மாணவர் பக்க எண்ணை அவ்வாறு கட்டிவைத்து நிரலைத் திருத்தினார். அதன்பின் பிழை நேரவில்லை.

எந்தப் பதிப்பில் பேசுவது என்பதையும் நூலகமே வழங்கியோடு கலந்து முடிவு செய்கின்றது. பாதுகாப்பான இணைப்பைத் தொடங்கும்போதே நூலகம் தான் அறிந்த பதிப்புகளைக் கூற, வழங்கி அவற்றுள் ஒன்றைத் தேர்கின்றது, இதற்குரிய ஏ.எல்.பி.என். என்னும் முறை 2014இல் தரப்படுத்தப்பட்டது. இங்கு ஒரு நுட்பம் உண்டு. ஐம்பது வேண்டுகோள்கள் ஒரே கணத்தில் வந்து நின்றால், வழங்கி இரண்டாம் பதிப்பை அறியுமா என்பது முதல் இணைப்பு அமைந்த பின்னரே தெரியும். அதுவரை காத்திருந்தால் ஓர் இணைப்பே போதுமாகலாம். காத்திராவிடின் வீணே பல இணைப்புகள் திறக்கப்படும். லிப்கர்ல் இயல்பாகக் காத்திருப்பதில்லை. காத்திருக்குமாறு பணிக்க ஒரு விருப்பத்தேர்வை வைத்துள்ளது. காத்திராமுறையிலும் காத்திருத்தலுக்கு இடமுண்டு என்பது இதனாற் பெறப்படும்.

இணைப்பு அறுந்தால்

பக்கம் மாறுதல் திருத்தக்கூடிய பிழை. இதனினும் அரிய இடர் ஒன்றுண்டு. மாணவர் ஒருவர் தேர்வுக் கட்டணம் செலுத்தும் வேண்டுகோளை விடுக்கின்றார். மறுமொழி வருமுன் இணைப்பு அறுந்துவிடுகின்றது. பணம் சென்றதா, இல்லையா? மீண்டும் அனுப்பினால் இருமுறை செலுத்த நேரலாம். அனுப்பாவிடின் தேர்வெழுதும் வாய்ப்பே நழுவலாம்.

பக்கத்தைப் படிப்பது போன்ற வேண்டுகோள்களை எத்தனை முறை விடுப்பினும் விளைவு ஒன்றே. அவற்றைத் தயங்காது மீண்டும் அனுப்பலாம். பணம் செலுத்துவது அத்தகையதன்று. 1.1ஆம் பதிப்பில் அறுந்த இணைப்பு எதையும் கூறுவதில்லை. பின்னைய இரு பதிப்புகளிலும், வழங்கி முறைப்படி விடைபெறும்போது ஓர் எல்லை எண்ணை அறிவிக்கின்றது. அவ்வெல்லைக்கு அப்பாற்பட்ட வேண்டுகோள்களை அது தொடவே இல்லை என்பது உறுதி. அவற்றை ஐயமின்றி மீண்டும் அனுப்பலாம். எல்லைக்குட்பட்டு மறுமொழி பெறாதவற்றின் நிலையோ ஐயத்திற்குரியது. வழங்கி சொல்லாமலே மறைந்துவிட்டால் அவ்வுறுதியும் இல்லை.

ஆகவே, எந்தப் பதிப்பும் எந்த நூலகமும் இவ்வையத்தை முற்றும் நீக்கவல்லன அல்ல. இதனாலேயே பணம் பெறும் அமைப்புகள் பலவும் ஒவ்வொரு செலுத்துகைக்கும் தனிக்குறி ஒன்றை வேண்டுகின்றன. அதே குறியுடன் இரண்டாம் முறை வரும் வேண்டுகோளைப் புதியதாகக் கொள்ளாமல், முதல் விடையையே மீண்டும் தருகின்றன. இங்கும் காப்பது அடையாளமே என்பது கருதத்தக்கது.

முடிவுரை

பதிப்புகள் மாறும், நாளை நான்காவதும் வரலாம். நூலகம் அம்மாற்றங்களை மறைத்து நமக்கு எளிமை தருகின்றது. ஆனால், அது சொல்லாத ஒன்றைச் சொன்னதாக நாம் கொள்ளலாகாது. வரிசை மாறாது என்று நூலகம் நமக்கு ஒருபோதும் வாக்களிக்கவில்லை. பலமுறை மாறாதிருந்ததைக் கண்டு நாமே அவ்வாறு நம்பினோம். வழக்கத்தை விதியென மயங்கிய அப்பிழை நிரலருக்கு மட்டும் உரியதன்று. பதிப்பாசிரியர்க்கும் உரையாசிரியர்க்கும் நேர்வதே. வினாவை விடுக்கும்போதே அதன் அடையாளத்தைக் குறித்துவைப்பவருக்குச் செப்பு எந்த வரிசையில் வரினும் இழுக்கில்லை. நம் மாணவர் கணிப்பொறித் துறையில் பயின்றாலும் தமிழ்த் துறையில் பயின்றாலும் கைக்கொள்ளத்தக்க பழக்கம் இதுவாகும்.