‘எத்தனை முறை கை கழுவுறீங்க?’ என்று கேட்டால் போதாது! - ஓ.சி.டி-யைத் தமிழில் அளப்பதில் என்ன சிக்கல்?

பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவார் ஒருவர். கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருவார் இன்னொருவர். எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். ஆனால், இதுவே தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்கி, வேலையையும் நிம்மதியையும் கெடுத்தால், அது ஓ.சி.டி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம்.

பெங்களூரு நிம்ஹான்ஸ், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, பெரியவர்களில் ஆயிரத்துக்குச் சுமார் 8 பேருக்கு இந்தப் பிரச்னை இருக்கிறது. ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வாழும் சங்கரன்கோவிலுக்கு இந்தக் கணக்கைப் போட்டால், சில நூறு பேர் வருவார்கள். அவர்களில் யாருக்கு எவ்வளவு தீவிரம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

10 கேள்விகள், 40 மதிப்பெண்

சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை உண்டு. ஓ.சி.டி-க்கு அப்படி எதுவும் இல்லை, கேள்விகள்தான் கருவி. அமெரிக்க மனநல மருத்துவர் வேன் குட்மேனும் அவருடைய குழுவினரும் 1989-ல் வெளியிட்ட யேல்-பிரவுன் அளவுகோல்தான் உலகெங்கும் அதிகம் பயன்படுகிறது. எண்ணங்களைப் பற்றி 5 கேள்விகள், செயல்களைப் பற்றி 5 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 16-ஐத் தொட்டால் நடுத்தரம், 24-ஐத் தொட்டால் தீவிரம்.

எத்தனை முறை கை கழுவுகிறார் என்பதற்கு இதில் மதிப்பெண் கிடையாது. எவ்வளவு நேரம் போகிறது, அன்றாட வேலை எவ்வளவு கெடுகிறது, மனம் எவ்வளவு தவிக்கிறது, எதிர்த்துப் போராட முயல்கிறாரா, கட்டுப்படுத்த முடிகிறதா... இவைதான் கேள்விகள்.

‘சந்தேகம்’ தரும் சந்தேகம்

இதைத் தமிழில் மொழிபெயர்த்தால் போதுமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். ‘கதவைப் பூட்டினேனா?’ என்ற தவிப்புக்கும் சந்தேகம் என்போம். மனைவி மீது கணவன் கொள்ளும் அவநம்பிக்கைக்கும் அதே சொல்தான். ‘உங்களுக்குச் சந்தேகம் அதிகமா?’ என்று கேட்டால், பதில் எங்கோ போய்விடும். ‘மனசுல அதே நெனப்பு ஓடிக்கிட்டே இருக்கா?’ என்று கேட்டால் விசைத்தறித் தொழிலாளிக்கும் புரியும்.

அடுத்தது, பண்பாடு. ஆடித்தபசு நாள்களில் சங்கரன்கோவிலில் பக்தர்கள் 101, 108 என எண்ணி எண்ணி ‘ஆடிச்சுற்று’ சுற்றுவார்கள். அது நோய் அல்ல, வேண்டுதல். சுற்றி முடித்ததும் மனம் நிறைகிறது. வீட்டுக்குப் போய் வேலையைப் பார்க்கிறார்கள். ஓ.சி.டி உள்ளவருக்கோ 108 முடிந்தாலும், ‘ஒன்று விட்டுப்போயிருக்குமோ’ என்ற பயம் விடாது. மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். நல்ல மொழிபெயர்ப்பு பக்தியை நோய் என்று முத்திரை குத்தக் கூடாது. நோயை ‘மடி, ஆசாரம்’ என்று தப்பவிடவும் கூடாது.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

முதலில் இருவர் தனித்தனியாகத் தமிழாக்குவார்கள். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்கியபின், மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார். பொருள் மாறியிருந்தால் திருத்தம். பிறகு சிலரிடம் வாசித்துக் காட்டி, ‘உங்களுக்கு என்ன புரிஞ்சது?’ என்று கேட்பார்கள்.

அதன்பின் கள ஆய்வு. ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள் மதிப்பிட்டால் மதிப்பெண் ஒத்துப்போகிறதா? நோய் மாறாதபோது, சில நாள் கழித்துக் கேட்டாலும் அதே எண் வருகிறதா? மனச்சோர்வைத் தவறுதலாக அளந்துவிடுகிறதா?

சில சமயம் மூலத்திலேயே குறை தெரியவரும். ‘எதிர்த்துப் போராடுகிறீர்களா?’ என்ற கேள்வி பல ஆய்வுகளில் மற்ற கேள்விகளோடு ஒட்டவில்லை. 2010-ல் வந்த இரண்டாம் பதிப்பில், எண்ணங்களை எதிர்ப்பது பற்றிய கேள்வியை நீக்கினார்கள்.

தமிழ்நாட்டிலும் முன்னுதாரணம் உண்டு. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ அளவுகோலின் தமிழ் வடிவத்தைச் சோதித்து, 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். சோதிக்காமல் வெளிநாட்டு எல்லைக்கோட்டை அப்படியே எடுத்துக்கொண்டால், உதவி தேவைப்படும் தாய்மார்கள் விடுபட்டுப்போகலாம்.

ஒரு எண் என்ன செய்யும்?

ஓ.சி.டி-க்கு மருந்தும் உண்டு. பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொண்டு, கழுவாமல், சரிபார்க்காமல் இருக்கப் பழக்கும் பயிற்சியும் உண்டு. மதிப்பெண் சுமார் 35 சதவிகிதம் குறைந்தால், சிகிச்சை பலன் தருகிறது என்று கணக்கு. அளவுகோல் தவறினால், பலன் தரும் சிகிச்சையை நிறுத்திவிடவோ, பலன் தராததை மாதக்கணக்கில் தொடரவோ நேரிடும்.

இணையத்தில் கிடைக்கும் கேள்விகளைப் பார்த்து நீங்களே மதிப்பெண் போட்டு முடிவெடுக்க வேண்டாம். உங்கள் வீட்டில் யாராவது இப்படித் தவித்தால், ‘சும்மா இரு, எல்லாம் மனப்பிரமை’ என்று அதட்டாதீர்கள். டெலி மானஸ் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். சங்கரன்கோவில் பகுதியினர் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவையும் அணுகலாம். அங்கே மருத்துவர், ‘இதுல ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போகுது?’ என்று கேட்டால், கூச்சப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள்.