செருகியும் திறவாத பென் டிரைவ்

பரீட்சைப் புள்ளிகளைப் பதிந்து வைத்த பென் டிரைவைக் கணினியிற் செருகுகிறோம். திரையில் யாதொன்றும் தோன்றவில்லை. நெஞ்சு திடுக்கிடுகிறது. ஆயினும், கருவி தோன்றாமை வேறு. கோப்புகள் அழிந்தமை வேறு.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிய லினக்ஸில், செருகிய கருவியை முதலிற் கெர்னல் இனங்காண்கிறது. பின்னரே அதன் கோப்பமைப்பு ஓர் அடைவோடு இணைக்கப்படுகிறது. இவ்விணைப்பையே மவுண்ட் என்பர். ஆகவே, தடை எந்தப் படியில் உள்ளது என்பதே முதல் வினா.

முனையத்தில் எல், எஸ், பி, எல், கே என்னும் ஐந்தெழுத்துக் கட்டளையை இடுக. பட்டியலிற் கருவியே இல்லையாயின், வேறு துளையிற் செருகிப் பார்க்க. கருவி இருந்தும் இணைப்பு இல்லையாயின், கோப்பமைப்பை நோக்குக. எக்ஸ்ஃபாட் அமைப்பைக் கெர்னல் நேரே ஏற்றது 2019இல் வெளிவந்த 5.4ஆம் பதிப்பிலேதான், பழைய கணினிகளில் அதற்குரிய மென்பொருளைத் தனியே நிறுவுதல் வேண்டும். விண்டோஸில் முறைப்படி விடுவியாது பிடுங்கிய என்டிஎஃப்எஸ் கருவியை லினக்ஸ் ஏற்க மறுப்பதும் உண்டு. அப்பொழுது, படிக்க மட்டும் என்னும் முறையில் இணைத்துக் கோப்புகளைப் பிரதிசெய்த பின்னரே பழுது திருத்துக. கோப்பமைப்பும் செவ்வையாயின், தானாக இணைக்கும் வசதி நிறுத்தப்பட்டிருக்கலாம். கோப்பு மேலாளரிற் கருவியின் பெயரைச் சொடுக்கினால் அது திறக்கும்.

ஒன்று மட்டும் செய்யற்க: ஃபோர்மட் செய்யவா என்று கணினி வினவினால் ஆமென்னாதீர். ஓராண்டு முழுதும் பிள்ளைகள் உழைத்து ஈட்டிய புள்ளிகள் ஒரு கணத்தில் கைநழுவும். இன்றே இன்னொரு பிரதி எடுத்து வைத்தல் அதனினும் நன்று.