திறவுகோல் யார் கையில்? மன்னார் முத்துக்குளிப்பும் கணினியின் இழைகளும்

பூட்டும் திறவுகோலும் உடைமையின் வரலாற்றோடு பிறந்தவை. எனவே பாதுகாப்பு என்பது வெறுந் தொழினுட்ப விடயமன்று. யாரிடமிருந்து, யாருக்காக என்னும் வினாக்கள் அதனுள் அடங்கியுள்ளன.

மன்னார்க் கரையின் தெற்கே, மரிச்சுக்கட்டியில் 1905இல் நடைபெற்ற பெரும் முத்துக்குளிப்பை நோக்குவோம். குளியாட்கள் கொணர்ந்த சிப்பிகள் வேலியிட்ட அரச வளவினுள் இறக்கப்பட்டன. அவர்களே அவற்றை மூன்று குவியல்களாகப் பிரித்தனர். எக்குவியல் தமக்குரியதாகும் என்பதைப் பிரிக்கும்பொழுது அவர்கள் அறியார். இரண்டு அரசுக்குச் சென்றன. உழைத்தோர்க்கு ஒன்றே எஞ்சியது. செயற்படுவோர் அறியாதவாறு ஒன்றை மறைத்துவைத்தலே இம்முறையின் அடிப்படை. இதே வடிவத்தை இன்றைய கணினியினுள்ளும் காண்கின்றோம்.

ஒரு நிரலினுள் ஒருங்கே நிகழும் வேலை ஓட்டங்கள் இழைகள் எனப்படும். ஓர் இழை துணைவேலையொன்றுக்குச் செல்லுகையில், மீண்டு வரவேண்டிய முகவரியை நினைவகத்திற் குறித்துவைக்கின்றது. அம்முகவரியைப் பகைவன் மாற்றின், ஓட்டமே அவன் வசமாகும். இதனைத் தடுக்க, 2016இல் அறிவிக்கப்பட்ட ஏ.ஆர்.எம். 8.3 கட்டமைப்பு, முகவரியின் பயன்படாத மேற்பிட்டுகளில் ஒரு முத்திரையைப் பொறிக்க வழிசெய்தது. 128 பிட்டுத் திறவுகோலைக் கொண்டே முத்திரை ஆக்கப்படும். மீளும்போது அது பொருந்தாவிடின் முகவரி செல்லாததாகும்.

லினக்ஸ் பணிசெயல் முறைமை இவ்வசதியைப் பயனர் நிரல்களுக்கு 2019இலும், கேர்னல் எனப்படும் தனது உட்கருவுக்கு 2020இலும் வழங்கியது. ஒவ்வோர் இழை பற்றியும் உட்கரு தனிக்குறிப்பொன்றைப் பேணுகின்றது. திறவுகோல்கள் அதிலேயே வைக்கப்படுகின்றன. நிரல் தொடங்குகையில் எழுமாறாக ஆக்கப்படும் பயனர்த் திறவுகோல்களை அதன் இழைகள் யாவும் பகிர்கின்றன. உட்கருவினுள் இயங்கும்போதோ ஒவ்வோர் இழைக்கும் தனித் திறவுகோல் உண்டு. இழை மாறுந்தோறும் உரியவை செயலியின் பதிவகங்களில் ஏற்றப்படும். பயனர் நிரல் திறவுகோலாற் பயன்பெறலாம், அதனைப் படிக்கவியலாது. ஆயினும் உட்கருவின் நினைவகத்தைப் படிக்க வல்லவனுக்கு அத்திறவுகோல்களும் கிட்டும். இம்முறையின் எல்லை அதுவே.

வடிவம் ஒன்றாயினும் பயன் வேறு. மரிச்சுக்கட்டியில் மறைப்பு பிரிப்பை நேர்மையாக்கியது உண்மையே. ஆனால் மூன்றில் இரண்டு அரசுக்கு என்னும் விகிதம் முன்னரே விதிக்கப்பட்டிருந்தது. அவ்விகிதத்தை அந்நேர்மை தொடவில்லை. கணினியிலோ மறைப்பு இழையையே காக்கின்றது. எனினும் இங்கும் இறுதி அதிகாரம் உட்கருவிடமே உள்ளது. லினக்ஸின் மூலநிரலை எவரும் படித்து ஆராயலாம். மூலம் மூடப்பட்ட முறைமைகளில் அவ்வுரிமை நமக்கில்லை. திறவுகோல் எங்குள்ளது என்பதோடு, அவ்விடத்தை ஆள்பவர் யார் என்பதையும் நாம் வினவுதல் வேண்டும்.