மெய்யறியும் பாலர்

உயிர், மெய் என்னும் இரு சொற்களையும் தமிழ்ப் பிள்ளை அரிச்சுவடியைத் தொடங்கும்போதே கேட்டுவிடுகின்றது. உயிரெழுத்து, மெய்யெழுத்து என்று வாய் ஓதுகின்றதேயன்றி, மெய் என்பது தான் சுமந்து திரியும் உடம்பின் பெயரென்பதை அதற்கு எடுத்துச் சொல்வார் அரியர். எழுத்துக்கே உடம்பையும் உயிரையும் பெயராக வைத்த மொழியில், உடம்பைப் பற்றிய பாடம் எளிதாக அமைதல் வேண்டும். ஆயினும் நம் ஆரம்ப வகுப்புகளில் அது பெரும்பாலும் உறுப்புகளின் பெயர்ப்பட்டியலாகவே முடிந்துவிடுகின்றது.

பெயரை மனனஞ் செய்வித்தல் நமக்குப் பழகிய வழி. திண்ணைப் பள்ளிகளிலே சூடாமணி நிகண்டு ஓதிய மாணவர், மக்கட்பெயர்த் தொகுதியோடு உறுப்புகளின் பெயர்களையும் கற்றனர். சொல்வளம் பெருகிற்று. ஆனால் ஓர் உறுப்பு உள்ளே எவ்விடத்தில் உளது, யாது செய்கின்றது என்பவற்றை விளக்குதல் நிகண்டின் நோக்கமன்று.

அப்பணியை ஈழத்தில் மேற்கொண்டவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்க மிஷன் மருத்துவராக 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மேலைநாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், பிறரைக்கொண்டும் ஆக்குவித்தார். அவற்றுள் ஒன்று 1857 இல் வெளிவந்த 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்'. அதன் மூலம், கல்வின் கட்டர் என்னும் அமெரிக்க மருத்துவர் மாணவருக்கும் குடும்பத்தாருக்கும் பயன்படுமாறு எழுதியது.

தலைப்பைக் கேட்டு அஞ்ச வேண்டா. அங்காதிபாதம் என்பது உறுப்புகளின் அமைப்பு. சுகரணவாதம் என்பது அவற்றின் தொழில். உற்பாலனம் என்பது அவற்றைப் பேணும் முறை. இச்சொற்கள் வழக்கொழிந்துவிட்டன. அவற்றின் வரிசையோ இன்றும் பயன்படும். எங்கே உளது, என்ன செய்கின்றது, எவ்வாறு காப்பது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை சொல்லத் தெரிந்த பிள்ளையே உடம்பை அறிந்த பிள்ளை.

தமிழ்ப் பண்டிதனுக்கு இப்பாடத்தில் என்ன வேலை என்று வினவுவோர் உளர். புதுக்கடையிலே வகுப்பெடுப்போர் அவ்வாறு வினவார். இந்து, இஸ்லாமிய, கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைகள் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கும் வகுப்பு அது. இதயத்தை ஒரு பிள்ளை 'நெஞ்சு' என்னும். மற்றொன்று 'கல்பு' என்னும். வேறொன்று 'ஹார்ட்' என்னும். 'குண்டிக்காய்' என்று ஒருவன் சொன்னால் வகுப்பே சிரிக்கும். ஈரலும் குடலும் இறைச்சிக்கடையிலும் அடுக்களையிலும் அவர்கள் முன்னரே கண்டவை. இவ்வீட்டுச் சொற்களை இழிவென்று தள்ளாமல், முதலில் கரும்பலகையில் எழுதிக்கொள்வேன். அதன் பின்னரே நூற்சொல்லை அருகில் வைப்பேன். சிறுநீர் பிரியும் அகம் சிறுநீரகம். இரையைத் தாங்கும் பை இரைப்பை. நுரைபோல் மென்மையான ஈரல் நுரையீரல். சொல்லைப் பிரித்துக் காட்டினாற் பொருள் விளங்கும், சிரிப்பும் அடங்கும்.

கலைச்சொற்களிலே ஓர் இடர்ப்பாடும் உண்டு. இலங்கைப் பாடநூல்களில் நாடி, நாளம் என்பவை தமிழ்நாட்டில் தமனி, சிரை எனப்படும். இங்கே சதையி, அங்கே கணையம். இங்கே வாதனாளி, அங்கே மூச்சுக்குழாய். தமிழ்நாட்டுக் காணொளிகளைக் கைப்பேசியிற் காணும் இக்காலப் பிள்ளை இரண்டையும் கேட்டு மயங்குகின்றது. இது தவறு, அது சரியென்று வழக்காடுவதினும், ஒரு பொருட்குப் பல பெயர் வருதல் மொழியியல்பு என்று கூறிவிடுதல் நன்று. சிறுவருக்கு மூச்சுக்குழாய் முதலில் வருக. வாதனாளி மேல்வகுப்பில் தானே வந்து சேரும்.

முதல் வினாவாகிய 'எங்கே' என்பதற்கு, தரையில் விரித்த பெரிய தாளொன்று போதும். ஒரு பிள்ளையை அதன்மேற் படுக்கவைத்து, வெண்கட்டியால் உடலின் எல்லையை வரைந்துகொள்க. இதயம் தன் கைமுட்டியளவினது. மார்பின் நடுவே, சற்றே இடப்புறம் சாய்ந்துளது. கல்லீரல் வலப்புற விலாவின் கீழே. வளர்ந்தோரின் சிறுகுடல் ஏறத்தாழ 20 அடி நீளம் என்று சொல்லின் எவரும் வியவார். அவ்வளவு கயிற்றை வகுப்பின் குறுக்கே நீட்டி, பின்னர் அதனைச் சுருட்டித் தாளிலுள்ள வயிற்றில் அடக்கிக் காட்டினாற் கண்கள் விரியும்.

'என்ன செய்கின்றது' என்பதற்கு மணிக்கட்டே கருவி. நாடித் துடிப்பை அரை நிமிடம் எண்ணுக. முற்றத்தில் ஓடிவந்து மீண்டும் எண்ணுக. எண்ணிக்கை ஏன் கூடிற்று என்று பிள்ளையே வினவும். உழைக்கும் தசைக்கு மிகுதியான குருதி வேண்டும் என்னும் விடையை அது பின்னர் மறவாது.

மூன்றாவது வினாவே பெரும்பாலும் கைவிடப்படுவது. பல் துலக்குதல், கை கழுவுதல் என்பவற்றோடு பேணல் முடிந்துவிடாது. உள்ளாடை மறைக்கும் உறுப்புகளைப் பற்றி நாம் வாய் திறப்பதில்லை. அவையில் சொல்லத்தகாததை வேறு வாய்பாட்டாற் சொல்லுதலை இலக்கணநூலார் இடக்கரடக்கல் என்றனர். அது தக்க சொல்லாற் சொல்லுதலேயன்றிச் சொல்லாதொழிதல் அன்று. அவ்வுறுப்புகளும் உடம்பின் பகுதிகளே; இழிந்தனவல்ல; தகாத முறையில் எவரும் தீண்டலாகாது; தீண்டினால் தாயிடமோ ஆசிரியரிடமோ அஞ்சாமல் உரைத்தல் வேண்டும். இதனைச் சொல்லச் சொல்லின்றி நிற்கும் பிள்ளைக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியும் இல்லை.

நோயிலும் அவ்வாறே. சில ஆண்டுகளின் முன் நான்காம் வகுப்பு மாணவனொருவன் வயிற்றுவலியால் துவண்டான். இனிப்புத் தின்றதனால் வந்ததென்று வீட்டார் எண்ணினர். "முதலில் தொப்புளைச் சுற்றி இருந்தது சேர், இப்போது வலப்பக்கம் கீழே வந்துவிட்டது" என்று அவன் விரலால் தொட்டுக் காட்டினான். மருத்துவர் சிங்களத்தில் வினவ, உடன் சென்ற ஆசிரியை ஒருவர் அதே சொற்களை மொழிபெயர்த்தார். வலி இவ்வாறு இடம்பெயர்தல் குடல்வளரி அழற்சியின் குறிகளுள் ஒன்று. அன்றிரவே சத்திரசிகிச்சை நடந்தது. பையன் நலமாக மீண்டான். தாளில் வரைந்த உருவத்தின் வலமும் இடமும் அவனுக்கு உதவின.

ஆரம்ப வகுப்பில் உடலறிவுக்கு ஒதுக்கப்படும் நேரம் சிறிது. அதனையும் படத்துக்கு வண்ணந் தீட்டுவதிற் செலவழித்துவிடாதிருக்குமாறு ஆசிரியரை வேண்டுகின்றேன். வினாத்தாளில் உறுப்புகளின் பெயரைக் கேட்கும் இடத்தில், 'உனக்கு நோகும் இடத்தை மருத்துவரிடம் எவ்வாறு சொல்வாய்?' என்றும் ஒரு வினா இருக்கட்டும். அதற்குப் பிள்ளை தன் வீட்டுச் சொல்லில் விடையெழுதினும் முழுப்புள்ளி வழங்குக.